படிகம் வளர்த்தவர்கள்

ரைபோசோமுக்குப் படிகம் வளர்ப்பது என்று ஒரு தொழில் இருந்தது. 1980 வாக்கில் பெர்லினில் பிறந்தது. பிறகு ஹாம்பர்க், ரெஹோவோத், ரஷ்யாவின் புஷ்சினோ, அமெரிக்காவின் நியூ ஹேவன், சால்ட் லேக் சிட்டி, சான்டா குரூஸ், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் என்று ஏழெட்டு ஊர்களில் நடந்தது. முப்பது, முப்பத்தைந்து வருடம்தான் அதன் ஆயுள். இன்றைக்கு அதைச் செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரைபோசோமைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் அழகான படத்தைப் போடுகிறார்கள், 2009இல் கிடைத்த நோபல் பரிசைச் சொல்கிறார்கள். படிகம் வளர்த்த கைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு. எனக்கு அந்தக் கைகள்தான் முக்கியம்.

காரணம், நானும் கொஞ்ச காலம் படிகம் வளர்த்தவள். 1980களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், ஜி.என். ராமச்சந்திரன் வளர்த்தெடுத்த துறையில் படித்தேன். நாங்கள் வளர்த்தவை சின்ன மூலக்கூறுகள். நாற்பது, ஐம்பது அணுக்கள் இருக்கும். கரைசலைக் குடுவையில் ஊற்றி, வாயைத் தாளால் மூடி, ஊசியால் நாலு துளை போட்டு, ஆடாத மேசையில் வைத்துவிடுவோம். மறுநாள் காலையில் மூடியைத் திறக்கும்போது நெஞ்சு படபடக்கும். பெரும்பாலும் அடியில் வெள்ளைப் பொடிதான் கிடக்கும். என்றோ ஒரு நாள், வெட்டி வைத்ததுபோல் ஓரங்களோடு ஒரு படிகம் மின்னும். ஐம்பது அணுவுக்கே இந்தப் பாடு. ரைபோசோமில் அணுக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதற்குப் படிகம் வளர்க்க ஒரு பெண்மணி ஜெர்மனியில் முயன்றுகொண்டிருக்கிறார் என்று துறையில் பேசிக்கொண்டபோது, ஆச்சரியத்தை விட எனக்குப் பயம்தான் அதிகமாக வந்தது. ஒரு மனிதர் தன் ஆயுளையே இப்படிப் பணயம் வைப்பாரா என்ற பயம்.

ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதம் செய்கிற இடம். 1955இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜார்ஜ் பலாடி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சின்னஞ்சிறு கரும்புள்ளிகள் என்று பதிவு செய்தார். மரபணுவிலிருந்து வரும் தூது ஆர்.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அதற்கேற்ற அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துச் சங்கிலியாக்குவது இந்தப் புள்ளிகள்தான் என்று அடுத்த பத்தாண்டில் தெரிந்தது. பாக்டீரியாவின் ரைபோசோமில் இரண்டு பாகங்கள். சிறியதற்கு 30எஸ், பெரியதற்கு 50எஸ் என்று பெயர். சிறியது எழுத்தைப் படிக்கும், பெரியது அமிலங்களை இணைக்கும். மொத்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆர்.என்.ஏ., மீதி ஐம்பதுக்கு மேற்பட்ட புரதங்கள்.

கேள்வி இங்கேதான் இருந்தது. இணைக்கும் வேலையைச் செய்வது எது? செல்லில் வேதிவினை செய்வதெல்லாம் புரதமே என்று அன்று ஏறக்குறைய எல்லோரும் நம்பினார்கள். ஆர்.என்.ஏ. வெறும் சாரம், புரதங்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்றுதான் எங்கள் பாடப் புத்தகங்கள் சொல்லின. ஆதியில் இருந்த ரைபோசோம் முழுக்க ஆர்.என்.ஏ.வாகவே இருந்திருக்கலாமோ என்று 1968இல் பிரான்சிஸ் கிரிக் எழுதினார். அது ஊகம். ஊகத்துக்குச் சாட்சி வேண்டுமே.

அந்தச் சாட்சியைப் பெரும்பாலோர் புரதங்களிடம் தேடினார்கள். பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் மூலக்கூறு மரபியல் நிறுவனத்தில் ஹைன்ஸ்-குந்தர் விட்மானின் குழு ஈ. கோலி பாக்டீரியத்தின் ரைபோசோமிலுள்ள புரதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அமினோ அமில வரிசையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது. பல வருட உழைப்பு. அதற்காக அங்கே தூய்மையான ரைபோசோம் ஏராளமாக இருப்பில் இருந்தது. 1979இன் கடைசியில் அந்த ஆய்வகத்துக்குத்தான் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்திலிருந்து அடா யோனாத் வந்தார்.

யோனாத் 1939இல் ஜெருசலேமில் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பதினோரு வயதில் தகப்பனாரை இழந்து, சின்ன வயதிலேயே வேலைக்குப் போய் வீட்டுக்கு உதவியவர். சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு ஓய்வில் இருந்தபோது, குளிர்காலம் முழுதும் உறங்கும் கரடிகளின் செல்லில் ரைபோசோம்கள் வரிசையாக அடுக்கி நிற்கின்றன என்று படித்ததாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் செய்தியில் ஒரு தொழில்காரரின் கண்ணுக்குத்தான் படக்கூடிய ஒன்று இருந்தது. அடுக்கி நிற்கும் என்றால் படிகமாகும்; படிகமானால் எக்ஸ்கதிரைச் செலுத்தி அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கலாம். அதற்கு முன்பே, குளிரூட்டிய கோழிக் கருவில் ரைபோசோம்கள் தகடு தகடாக அடுக்கியிருப்பதை 1960களில் பிரெக் பையர்ஸ் பார்த்திருந்தார். இத்தாலியப் பல்லி இனம் ஒன்றின் முட்டைச் செல்களில் குளிர்காலத்தில் அதே அடுக்கு உண்டாவதை 1970களில் கேம்பிரிட்ஜின் நைஜல் அன்வின் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். கஷ்டகாலத்தில் உயிர்கள் தம் ரைபோசோம்களைக் கெடாமல் அடுக்கிப் பத்திரப்படுத்துகின்றன. யோனாத் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான்: திடமான ரைபோசோம் வேண்டும், அதுவும் உயிர்த்துடிப்போடு, வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும்.

அதனால் அவர் ஈ. கோலியை மட்டும் நம்பவில்லை. சூட்டைத் தாங்கும் ஒரு பாக்டீரியத்தின் 50எஸ் பாகத்தை எடுத்தார். 1980இல் முதல் படிகங்கள் வந்தன. மிகச் சின்னவை. எக்ஸ்கதிரில் வைத்தால் அணுக்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் படிகம் வந்துவிட்டது.

எப்படி வளர்ப்பார்கள் என்று சொல்லியாக வேண்டும். முதலில் பாக்டீரியாவை லிட்டர் கணக்கில் வளர்க்க வேண்டும். செல்லை உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் மணிக்கணக்காகச் சுழற்றி, ரைபோசோமை அடியில் படிய வைத்து, மக்னீசியத்தைக் குறைத்து இரண்டு பாகங்களையும் பிரிக்க வேண்டும். மக்னீசியம் கொஞ்சம் தப்பினால் ஆர்.என்.ஏ. மடிப்பு குலைந்துவிடும். கையின் வியர்வையில்கூட ஆர்.என்.ஏ.வை அரிக்கும் நொதி இருக்கிறது. கையுறை இல்லாமல் எதையும் தொட முடியாது. பிறகு ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டில் சில மைக்ரோ லிட்டர் துளி. அதைத் தலைகீழாகத் திருப்பி, உப்போ ஆல்கஹாலோ கலந்த கரைசல் இருக்கும் குழியின் மேல் வைத்து, ஓரத்தில் கிரீஸ் தடவி மூட வேண்டும். துளியிலிருந்து நீர் மெல்ல மெல்ல ஆவியாகிக் குழிக்குப் போகும். துளி செறிவாகும். வேகமாகச் செறிந்தால் குப்பை, மெதுவாகச் செறிந்தால் படிகம். எந்த வெப்பம், எந்த உப்பு, எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு ஒருவர் கையில் வரும், இன்னொருவர் கையில் வராது. கைப்பக்குவம் என்று நம் வீடுகளில் சொல்வோமே, படிகக்கூடத்தில் அதற்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

அடுத்து அவர் போனது சாக்கடலுக்கு. அந்தக் கடுமையான உப்பில் வாழும் ஹாலோஆர்க்குலா மாரிஸ்மார்ட்டுயி என்ற நுண்ணுயிரின் 50எஸ் பாகம் 1980களின் பிற்பாதியில் நல்ல படிகம் தந்தது. 1991இல் அதே படிகம் 3 ஆங்ஸ்ட்ராம் வரை சிதறல் கொடுத்தது என்று அறிவித்தார்கள். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு. 3 ஆங்ஸ்ட்ராம் அளவுக்குத் தெளிந்தால் ஆர்.என்.ஏ. இழையின் போக்கை அணு அளவில் பின்பற்றிவிடலாம்.

மாஸ்கோவுக்குத் தெற்கே புஷ்சினோவில், அலெக்சாந்தர் ஸ்பிரின் 1967இல் நிறுவிய புரத ஆராய்ச்சி நிறுவனம் இன்னொரு பட்டறை. மராத் யூசுபோவும் அவரது சகாக்களும் வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் தெர்மோஃபைலஸ் பாக்டீரியத்தின் 30எஸ் பாகத்துக்கும் முழு ரைபோசோமுக்கும் 1987 வாக்கில் படிகம் வளர்த்துவிட்டார்கள். சோவியத் நாடு உடைந்த காலத்தில் பணமோ சக்திவாய்ந்த எக்ஸ்கதிர் ஊற்றோ அவர்களிடம் இல்லை. ஆனால் கையில் நல்ல படிகம் இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பின்னால் கேம்பிரிட்ஜுக்கும் சான்டா குரூஸுக்கும் புகழ் தேடித்தந்த படிகங்களின் ஊற்றுக்கண் புஷ்சினோ.

படிகம் இருந்தும் பத்து வருடம் ஏன் ஆயிற்று? முதல் தடை எக்ஸ்கதிரே. ஹாம்பர்க்கில் சின்க்ரோட்ரான் என்ற சக்திவாய்ந்த எக்ஸ்கதிர் ஊற்றின் கதிரில் வைத்த சில நிமிடத்தில் படிகம் செத்துவிடும். ஒரே ஒரு தரவுத் தொகுப்புக்கு நூற்றுக்கணக்கான படிகங்கள் பலியாயின. வளர்த்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இதற்கு வழி காட்டியவர் கலிபோர்னியாவின் ஹோகன் ஹோப். படிகத்தைச் சட்டென்று உறைய வைத்து, மைனஸ் 180 டிகிரி அளவுக் குளிரில் வைத்தபடியே கதிரைச் செலுத்தினால் அது தாங்கும் என்று யோனாத் குழுவோடு சேர்ந்து 1989இல் காட்டினார். இன்று உலகத்தில் பெரும்பாலான புரதப் படிகங்களை அப்படித்தான் உறைய வைக்கிறார்கள். ரைபோசோமுக்காகக் கண்ட வழி எல்லோருக்கும் பொதுவாயிற்று.

இரண்டாவது தடை இன்னும் பெரியது. கதிர் படிகத்தில் பட்டு ஆயிரக்கணக்கான புள்ளிகளாகச் சிதறும். ஒவ்வொரு புள்ளியின் பிரகாசத்தையும் அளக்கலாம். அந்த அலைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின்னாக வந்தன என்பது மட்டும் பதிவாகாது. ஒரு கச்சேரியில் எந்தெந்த ஸ்வரம் எவ்வளவு உரக்க ஒலித்தது என்ற பட்டியலைக் கொடுத்துவிட்டு, எது எப்போது ஒலித்தது என்று சொல்லாமல் ராகத்தைக் கண்டுபிடி என்பதுபோல. மாக்ஸ் பெருட்ஸ் ஹீமோகுளோபினுக்குப் பாதரச அணுவை ஒட்டவைத்து 1953இல் இந்த முடிச்சை அவிழ்த்தார். ரைபோசோமின் பிரம்மாண்டத்தில் ஒரு பாதரச அணு காணாமலே போய்விடும். பதினெட்டு டங்ஸ்டன் அணுக்கள் சேர்ந்த கொத்துகளை யேல் பல்கலைக்கழகத்தில் பயன்படுத்தினார்கள். அந்தக் கொத்துகள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று தெரிய, ஆல்பனியில் யோவாகிம் ஃபிராங்க் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் எடுத்திருந்த மங்கலான ரைபோசோம் வடிவம் கைகொடுத்தது. 1998இல் நெனாத் பான், தாமஸ் ஸ்டைட்ஸ், பீட்டர் மூர் ஆகியோர் 9 ஆங்ஸ்ட்ராம் வரைபடத்தை வெளியிட்டார்கள். யோனாத் வளர்த்துக் காட்டிய அதே சாக்கடல் உயிரியின் 50எஸ் பாகம்தான் அது. படிகம் இரட்டையாகிவிடும் குறையையும் யேலில் நீக்கினார்கள்.

சிதம்பரத்தில் 1952இல் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் பரோடாவுக்குப் போன வெங்கி ராமகிருஷ்ணன் இந்தத் தொழிலுக்குள் நுழைந்த வழி நேரானதல்ல. ஓஹையோவில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, உயிரியல் கற்க மறுபடி சான் டியேகோவில் மாணவராகச் சேர்ந்தார். பிறகு யேலில் மூரிடம் சேர்ந்து, நியூட்ரான் சிதறல் முறையில் 30எஸ் பாகத்தின் புரதங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அளந்தார். இருபத்தொரு புரதங்களின் இடங்களும் 1987இல் தெரிந்தன. ஆனால் புரதங்கள் இருக்கும் இடம் தெரிந்தால் போதவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில் கேம்பிரிட்ஜுக்குப் போய்ப் படிகவியலைக் கற்றுக்கொண்டு வந்து, யூட்டாவில் 30எஸ் பாகத்தைக் கையில் எடுத்தார். 1999இல் அந்தப் படிகங்களோடு கேம்பிரிட்ஜுக்கே குடிபெயர்ந்தார்.

2000ஆம் ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களை நான் மறக்கமாட்டேன். நான் பாடம் நடத்திய கல்லூரியின் நூலகத்துக்கு ஆய்விதழ்கள் தாமதமாகத்தான் வரும். வந்த அன்று பாட வேளைகளை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். ஆகஸ்ட் 11 தேதியிட்ட சயின்ஸ் இதழில் யேல் குழு 50எஸ் பாகத்தை 2.4 ஆங்ஸ்ட்ராமில் வெளியிட்டது. ஆர்.என்.ஏ.வின் எழுத்துகளான 3,045 நியூக்ளியோடைடுகளில் 2,833க்கும், 31 புரதங்களில் 27க்கும் இடம் தெரிந்தது. செப்டம்பரில் யோனாத் குழு 30எஸ் பாகத்தை 3.3 ஆங்ஸ்ட்ராமிலும், ராமகிருஷ்ணன் குழு 3 ஆங்ஸ்ட்ராமிலும் வெளியிட்டன. இருபது வருடத்து வேலை ஆறு வாரத்துக்குள் வெளிவந்தது.

யேல் படத்தில் அமினோ அமிலங்கள் இணையும் இடத்தைச் சுற்றிலும் ஆர்.என்.ஏ. மட்டும் இருந்தது. மிக அருகில் இருந்த புரதத்தின் நுனிகூட 18 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நின்றது. வினை செய்ய வேண்டிய ஒன்று சில ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே புரதங்களைக் கோப்பது ஆர்.என்.ஏ. நம் உடம்பின் ஒவ்வொரு புரதத்தையும் கட்டுவது புரதமே அல்லாத ஒன்று. இதைப் படித்த கணத்தில் எனக்குக் கண் கலங்கியது. ஒரு சந்தேகம் தீர்ந்ததற்காக இப்படிக் கலங்குவார்களா என்று கேட்டால், ஆமாம், கலங்குவார்கள்.

இதைத் தொடக்கத்திலிருந்து சொன்னவர் ஒருவர் உண்டு. சான்டா குரூஸின் ஹாரி நாலர். ஆர்.என்.ஏ.வைத் தாக்கும் கீதாக்ஸால் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் 30எஸ் பாகம் செயலிழக்கிறது என்று 1972இலேயே காட்டினார். அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆர்.என்.ஏ. தானே வினை செய்யும் என்பதைத் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் வேறு மூலக்கூறுகளில் நிறுவிய பிறகுதான் காற்று திசை மாறியது. 1992இல் நாலர், 50எஸ் பாகத்தின் புரதங்களை நொதியாலும் சோப்பு வகையாலும் ஃபீனாலாலும் முடிந்தவரை நீக்கிவிட்டு, இணைக்கும் திறன் பெருமளவு எஞ்சியிருப்பதைக் காட்டினார். சில புரதத் துண்டுகள் ஒட்டிக்கொண்டே இருந்ததால் அவரால் கடைசி வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லப் படிகம் தேவைப்பட்டது. புஷ்சினோவிலிருந்து வந்த மராத் யூசுபோவ், குல்னாரா யூசுபோவா இருவரோடும் சேர்ந்து நாலர் 2001இல் முழு ரைபோசோமையே 5.5 ஆங்ஸ்ட்ராமில் காட்டினார். நோபல் பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது. 2009இல் யோனாத், ஸ்டைட்ஸ், ராமகிருஷ்ணன் மூவருக்கும் கிடைத்தது, தகுதியானவர்களுக்கே கிடைத்தது. ஆனாலும் நாலர் பெயர் இல்லாமல் இந்தக் கதையை வகுப்பில் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அதே செப்டம்பரில் ராமகிருஷ்ணன் குழு இன்னொன்றையும் வெளியிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் 30எஸ் பாகத்தில் எங்கே உட்காருகிறது என்ற படம். அந்தப் பாகத்திலுள்ள 16எஸ் ஆர்.என்.ஏ.வின் நான்கு வெவ்வேறு பகுதிகளையும் ஒரு புரதத்தையும் ஒருசேரப் பிடித்துக்கொள்கிறது. அதனால் தவறான அமிலம் வந்தாலும் சரியானதென்று ரைபோசோம் ஏற்றுக்கொள்ளும். பாக்டீரியா பிழையான புரதங்களைச் செய்யத் தொடங்கிவிடும். இந்த மருந்தால் வாசிப்பு பிழையாகிறது என்று 1964இலேயே சோதனைக் குழாயில் கண்டிருந்தார்கள். காரணம் படிகத்தில்தான் தெரிந்தது.

ஸ்ட்ரெப்டோமைசின் என்ற பெயர் சென்னைக்காரர்களுக்குப் புதியதல்ல. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய்க்கான மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கியவர்களில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஒன்று. ராமகிருஷ்ணன் சேர்ந்த கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தை நடத்துவதும் அதே கழகம்தான். வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனயசிடும் கொடுத்து, நோயாளியை வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று அந்த மையம் 1964இல் உலகுக்குச் சொன்னது. என் அத்தையும் அந்தக் காலத்தில் இந்த ஊசியால் பிழைத்தவர்தான், வேறு ஓர் ஊரில், தினசரி ஊசி. உயிர் தங்கியது, காது போய்விட்டது. "காதுல சில்வண்டு கத்திக்கிட்டே இருக்குடி" என்பார். நான் படிகம் வளர்க்கப் போகிறேன் என்றபோது அவர் காதருகே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

உள்காதின் செல்கள் சாவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. ஒன்று, நம் மைட்டோகாண்ட்ரியா. அதற்குள் தனி ரைபோசோம் இருக்கிறது, பாக்டீரியாவின் வழியில் வந்தது. சிலருடைய மைட்டோகாண்ட்ரியாவில் 12எஸ் ஆர்.என்.ஏ.வின் 1555ஆம் இடத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும்; அந்த இடம் பாக்டீரியாவின் அமைப்பை ஒத்துவிடும்; இந்த வகை மருந்து அவர்களுடைய காதை எளிதில் கெடுத்துவிடும். 1993இல் இது தெரிந்தது. தாய்வழியே வரும் மாற்றம். அத்தைக்கு அப்படி இருந்ததா என்று பார்க்க அவர் உயிரோடு இல்லை.

மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோமுக்கு யாராலும் நல்ல படிகம் வளர்க்க முடியவில்லை. போதிய அளவு கிடைக்காது, கிடைத்ததும் ஒரே சீராக இருக்காது. தொழில் முடிவுக்கு வந்தது இங்கேதான். 2013 வாக்கில் எலக்ட்ரான்களை நேரடியாகப் பதிவு செய்யும் புதிய கேமராக்கள் வந்தன. ரைபோசோம்களைக் கரைசலோடு மெல்லிய பனிப்படலமாக உறைய வைத்து, ஆயிரக்கணக்கில் படம் பிடித்துக் கணினியில் சேர்த்தால் போதும். 2014இல் ராமகிருஷ்ணன் குழுவே ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரிய ரைபோசோமின் பெரிய பாகத்தை 3.2 ஆங்ஸ்ட்ராமில் இப்படிக் கண்டது. மறுவருடம் மனிதனுடையது முழுதாக வந்தது. படிகமே இல்லை. துளி இல்லை, கிரீஸ் இல்லை, மாதக்கணக்கான காத்திருப்பு இல்லை. அந்த ஆய்வகம் படிகங்களை விட்டு நுண்ணோக்கிக்கு மாறியது. ஃபிராங்குக்கும் 2017இல் நோபல் வந்தது. இப்போது பாக்டீரியத்துக்குள்ளேயே ரைபோசோம் வேலை செய்வதை ஹைடல்பெர்க்கில் படிப்படியாகப் படமெடுத்துவிட்டார்கள்.

தொழில் முழுதாக அழிந்துவிடவில்லை. சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யூரி போலிகனோவின் ஆய்வகம் இன்றும் தெர்மஸ் தெர்மோஃபைலஸ் ரைபோசோமுக்குப் படிகம் வளர்க்கிறது. ஹார்வர்டின் ஆண்ட்ரூ மையர்ஸ் குழு வடிவமைத்த கிரெசோமைசின் என்ற புதிய ஆன்டிபயாட்டிக், பழைய மருந்துகளுக்கு மசியாத பாக்டீரியாவின் ரைபோசோமையும் எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பது 2024இல் வெளியானது. அதைக் காட்டியது சிகாகோவில் வளர்ந்த படிகம்.